அம்மனை மேட்டு வழியாகத் தூக்கிப் போனது

கடலைப் பார்த்தபடி மேட்டின் மேல் நடப்பதைப் போலச் சுகம் உண்டா என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைப் பிரட்டும். என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் அப்படி நடந்திருக்கிறேன். ஒரு துறையில் ஏறி மறு துறையில் இறங்கினோம். வலப்பக்கம் நீலமாகக் கடல், முகத்தில் காற்று, தூரத்தில் கட்டுமரம், எல்லாம்தான் இருந்தது. இருந்து என்ன? அந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. சொல்லக் கூச்சப்படுகிற ஆள் நானில்லை, அதனால் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு மூக்கைச் சுளித்தால் நான் பொறுப்பில்லை.

செஞ்சியில் கடல் ஏது? எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் ஏரித் தண்ணீரும் கோட்டைக் குளத்துத் தண்ணீரும்தான். அறுபதுகளில் நான் கல்யாணமாகி வந்த ஊர், செஞ்சிக்குக் கொஞ்சம் வெளியே இருந்தது. வாசலில் நின்றால் ராஜகிரி தலைக்கு மேல் தெரியும். என் வீட்டுக்காரர் செஞ்சிக் கடைத்தெருவில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். மத்தியானச் சோறு எடுத்துக்கொண்டு நான் தினமும் போவேன். வீட்டில் இருந்தால் மாமியாருக்கும் எனக்கும் ஒத்துவராது. அது வேறு கதை.

எங்கள் ஊர் அம்மன் வருஷா வருஷம் மாசி மகத்துக்குக் கடலாடப் போவாள். எந்தக் காலத்திலோ ஆரம்பித்த வழக்கம். மாட்டு வண்டி கட்டி, வழியில் தங்கித் தங்கிப் போவார்கள். நான் வந்த பிறகுதான், மல்லாட்டை மண்டிக்காரர் ஒருவர் தன் லாரியைத் தருகிறேன் என்றார். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பேர். லாரி என்றதும் ஊரே குதித்தது. ஆனால் பழைய வண்டிப் பாட்டையில் லாரி போகாது, மணலில் புதைந்துவிடும். வேறு வழி பார்த்தாக வேண்டும். அந்த வழியைப் பார்த்துச் சொன்னவர் எங்கள் ஊர்ப் பறைக்காரர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் அவருக்குச் சேரியில் வீடு. அம்மன் புறப்பாட்டில் முன்னால் பறை அடித்துக்கொண்டு போவது அவர்தான், அவருக்கு முன்னால் அவர் அப்பா. அவர் கை பறையில் விழாமல் அம்மன் எழுந்திருக்கவும் மாட்டாள், தண்ணீரில் இறங்கவும் மாட்டாள். எங்கள் ஊரில் இதற்கு மாற்றுக் கிடையாது. அவர் பறை வேண்டும், அவர் மட்டும் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். நல்ல நியாயம்! அவருடைய பெண்ணைக் கடலோரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார், நாங்கள் கடலாடுகிற துறைக்குப் பக்கத்திலேயே. அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தெற்குத் துறை வரைக்கும் லாரி வரும், அங்கிருந்து வடக்குத் துறைக்கு நல்ல தெரு இருக்குது, அம்மனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று சொன்னார். எல்லோருக்கும் பரம திருப்தி.

அதற்கப்புறம் ஒருநாள் சைக்கிள் கடைக்கு வந்து என்னிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டார்.

"அம்மா, எம் பொண்ணுக்கு ஒரு புள்ள இருக்குதும்மா. ஒன்றரை வயசாவுது, இன்னும் தலை நிக்கல. பால் குடிச்சா வெளிய வந்துடுது. பாண்டிக்கெல்லாம் தூக்கினு போயி காட்டிட்டோம். ஆத்தா பல்லக்குக்கு அடியில ஒரு தரம் நொழைச்சி எடுத்தாத்தான் நல்லதுன்னு அதுக்கு மனசுல உழுந்துட்டுது. நீங்க பெரியவருகிட்ட ஒரு வார்த்த சொன்னா..."

இது எங்கள் பக்கத்தில் உள்ள வழக்கம்தான். நோய்ப்பட்ட குழந்தையை, சாமி தோளில் இருக்கும்போது பல்லக்குக்குக் கீழே இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் வாங்குவார்கள். சாமியின் நிழல் மேலே விழுந்தால் போதும். அவர் சொல்லும்போது கண்ணைத் துடைக்கவில்லை, ஆனால் கடையில் தொங்கிய சைக்கிள் டயரைப் பார்த்துக்கொண்டே பேசினார். எனக்கு மனசு தாங்கவில்லை.

பெரியவர் என்றது என் பெரிய மாமனாரை, என் வீட்டுக்காரரின் பெரியப்பாவை. ஊருக்கும் கோயிலுக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னால், "எனக்கு எதுக்கு வம்பு, நீயே கேளு" என்று செயினுக்கு எண்ணெய் போடக் குனிந்துவிட்டார். சரியான தொடைநடுங்கி. நானே கேட்டேன். பெரிய மாமனார் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்த அன்றைக்கு, இரண்டாம் தரம் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னேன்.

"அதுக்கின்னா, நோவுப் புள்ள. போற வழியில ஒரு நிமிஷம் நின்னா கொறைஞ்சா பூடுவோம்? ஆத்தா அல்லாருக்கும் பொதுதான?" என்றார். கேட்கக் கேட்க எனக்கு அவ்வளவு பெருமை. மாமியாருக்குத்தான் முகம் சுண்டிப் போயிற்று.

பெரிய மாமனார் என்ன நினைத்தார் என்று பிறகுதான் புரிந்தது. அந்தப் பெண் குழந்தையோடு ரோட்டோரமாக எங்கேயாவது வந்து நிற்பாள் என்று நினைத்திருக்கிறார். பறைக்காரர் சொன்ன நல்ல தெரு, மகளின் தெருவேதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பறைக்காரரோ, பெரியவர் தெரிந்துதான் சரி சொன்னார் என்று நம்பி மகளுக்கு ஆள் மேல் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆத்தா உங்கள் வாசலுக்கே வருகிறாள் என்று.

மகத்தன்று காலையில் தெற்குத் துறையில் லாரி நின்றது. அம்மனைப் பல்லக்கில் ஏற்றித் தோளில் எடுத்தார்கள். இங்கே ஒரு விதி இருக்கிறது. தோளில் ஏறிய அம்மனைக் கடல் தண்ணீர் காலில் படும்வரை கீழே இறக்கக் கூடாது. தூக்குகிறவர்கள் வெறுங்காலோடு, அடிக்கு அடி ஒன்றாக வைத்து நடக்க வேண்டும். ஒருவன் ஒதுங்கினால் பல்லக்குச் சாய்ந்துவிடும். என் வீட்டுக்காரர் பின்தண்டில் இடப்பக்கம். நான் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நேர் பின்னால்.

கொஞ்ச தூரத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் அந்தத் தெரு. அம்மாடி, அப்படி ஒரு தெருவை நான் செஞ்சியிலேயே பார்த்ததில்லை! தென்னங்கீற்றில் தோரணம், ஒரு துரும்பு இல்லாமல் பெருக்கித் தண்ணீர் தெளித்து, வாசலுக்கு வாசல் கோலம். பெண்கள் தலை குளித்துத் தட்டோடு வரிசையாக நிற்கிறார்கள். குழந்தைகளுக்கெல்லாம் எண்ணெய் வைத்து வாரியிருக்கிறது. வலப்பக்கம், கடலை ஒட்டி ஒரு பெரிய செம்மண் மேடு, மேலே முந்திரிக் காடு. கடல் அறுத்து அறுத்து அந்தப் பக்கம் செங்குத்தாக நின்றது.

பெரிய மாமனார் கையைத் தூக்கினார். பல்லக்கு நின்றது.

"இது யாரு தெருடா?" என்றார்.

பறைக்காரர் சிரித்துக்கொண்டே திரும்பினார். "நம்ம பொண்ணு தெருதான் சாமி. அதோ, மூணாவது வூடு."

"சேரியா?"

பறைக்காரரின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"ஏண்டா, சேரி வழியா ஆத்தாளக் கூட்டினு போலான்னு பாத்தியா? எத்தினி நாளா இந்த எண்ணம்?"

குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். வழி பார்த்துச் சொன்ன மனுஷனுக்குக் கிடைத்த மரியாதை அது. பறைக்காரர் இரண்டு கையையும் கூப்பினார்.

"ஜனங்க அல்லாரையும் வூட்டுக்குள்ள போயிடச் சொல்றேன் சாமி. கதவ சாத்திக்கச் சொல்றேன். ஒருத்தர் கண்ணுல பட மாட்டாங்க. அந்தப் புள்ளைய மட்டும் ஒரு தரம் நொழைச்சிட்டு, நீங்க பாட்டுக்குப் போயிடுங்க."

அதைக் கேட்டபோதே எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஊர் விட்டு ஊர் வந்து, அடுத்தவன் வாசலில் நின்றுகொண்டு, அவனைக் கதவைச் சாத்திக்கொள்ள வைக்கிற அளவுக்கு நாம் என்ன பெரிய கொம்பா? பெரிய மாமனாருக்கு அதுவும் போதவில்லை.

"மேட்டு மேல வழி போவுதுல்ல, அதுல ஏறுங்கடா" என்றார்.

"சாமி, அது வேணாம்" என்று பறைக்காரர் பதறினார். "அது சுத்துவட்டாரமே வெளிக்குப் போற மேடு. மகத்துக்கு வந்த கூட்டம் வேற. கால் வைக்க முடியாது."

"அதல்லாம் எங்களுக்குத் தெரியும். நீ அடி."

ஏறினோம்.

பீ. வேறு எந்த நாசூக்கான வார்த்தையும் எனக்கு வேண்டாம், பீ என்றால் பீ. ஒற்றையடிப் பாதை. வலப்பக்கம் விழுந்தால் கடல், இடப்பக்கம் முந்திரிப் புதர். நடுவில் நேற்றையது, முந்தாநாளையது, அன்று விடியற்காலையது. ஒதுங்கி நடக்கிறவர்களுக்காவது தாண்டித் தாண்டிப் போக வழி உண்டு. பல்லக்குத் தூக்கினவர்களுக்கு அதுவும் இல்லை. அடிக்கு அடி ஒன்றாக வைக்க வேண்டுமே! கண்ணுக்கு நேரே தெரிகிறது, தெரிந்தே கால் அதன் மேல் இறங்குகிறது. முன்னால் போனவன் மிதித்து வழுக்கினதைப் பின்னால் வந்தவன் மிதித்தான். என் வீட்டுக்காரரின் கால் விரல் இடுக்கில் அது பிதுங்கி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஈ ஒரு படையாக எழும்பி, அவர்கள் முழங்காலில் உட்கார்ந்து, அங்கிருந்து அம்மன் மாலையில் போய் உட்கார்ந்தது.

வாசனையைச் சொல்லவா? அம்மனுக்குச் சாற்றியிருந்த மல்லி, சாம்பிராணி, கற்பூரம், எல்லாம் அதோடு சேர்ந்து வந்தது. தனியாக வந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மல்லிப்பூவோடு சேர்ந்து வந்ததுதான் குடலைப் பிடுங்கியது. ஒரு முந்திரி மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். குடத்தை மட்டும் கீழே வைக்கவில்லை.

பூசாரி என்ன செய்தார் தெரியுமா? வேப்பிலையை என் குடத்தில் தோய்த்துத் தோய்த்து அம்மன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"கீழே சேரிக் காத்து அடிக்குதும்மா. தீட்டு" என்றார்.

கணுக்கால் வரைக்கும் பீ, வாயில் தீட்டு! படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பது இதுதான். அந்த வேப்பிலையைப் பிடுங்கி அவர் முகத்திலேயே நாலு சாத்துச் சாத்தலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது. பெரிய மாமனார் மட்டும் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, கைத்தடியால் இடம் பார்த்துப் பார்த்து, கொக்கு மாதிரி வந்தார். அவர் தோளில் சுமை இல்லையே.

மேட்டின் உச்சியில் புதர் கொஞ்சம் விலகியது. இடப்பக்கம் கீழே பார்த்தேன். அந்தத் தெரு முழுக்கத் தெரிந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டில் ஏற்றின கற்பூரம் பகல் வெளிச்சத்தில் சரியாகக்கூடத் தெரியவில்லை. தலைக்கு மேலே அம்மன் போகிறாள், அவர்களுக்கு அவள் முதுகுதான். அந்த வரிசையிலிருந்து ஒரு பெண் மட்டும் பிரிந்தாள். இடுப்பில் குழந்தை, அதன் தலை அவள் தோளில் நிற்காமல் துவண்டு துவண்டு விழுகிறது. ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு தெருவோடு ஓட ஆரம்பித்தாள். நாங்கள் மேலே, அவள் கீழே, வடக்குப் பார்த்து ஒரே திசையில். முன்னால் போன பறைக்காரரும் பார்த்துவிட்டார். அவர் அடி மாறவில்லை. முதுகு மட்டும் குறுகிப் போயிற்று.

வடக்குத் துறையில் இறங்கினோம். மணல் வந்ததும் தூக்கினவர்கள் ஓட்டமாகத் தண்ணீரைப் பார்த்துப் போனார்கள். யாருக்குத்தான் காலைக் கழுவ அவசரம் இருக்காது? அலைக்குப் பத்தடி இருக்கும்போது பறை நின்றது.

ஒரு சத்தமும் இல்லை. பறை இல்லாமல் அம்மன் தண்ணீரில் இறங்கக் கூடாது. தண்ணீர் படாமல் கீழே இறக்கவும் கூடாது. அப்படியே நின்றார்கள், வெயிலில், தோளில் தண்டோடு, கால் காய்ந்துகொண்டு.

"அடிடா" என்றார் பெரிய மாமனார்.

பறைக்காரர் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "கை வரல சாமி" என்றார்.

"திமிரா?"

"இல்ல சாமி. நெசமா வரல."

அதற்குள் அந்தப் பெண் மூச்சு வாங்க வந்து, கொஞ்சம் தள்ளி மணலில் நின்றாள். இருபது வயசு இருக்கலாம். தலைக் குளியல் ஈரம் இன்னும் காயவில்லை, வேர்வை வேறு. குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டிருந்தாள், கழுத்து நிற்காத குழந்தைக்கு அது வாய்வரைக்கும் ஏறியிருந்தது. எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. பெரிய மாமனார் எதிரில் நான் குரல் உயர்த்தினதே கிடையாது.

"மாமா, எங்க வூட்டுல உக்காந்து, நான் ஊத்தின கொழம்பைச் சாப்ட்டுட்டு நீங்க குடுத்த வாக்கு" என்றேன். "அம்மன் அல்லாருக்கும் பொதுன்னு சொன்னது நீங்கதான். இப்ப இல்லேன்னா, இல்லேன்னு இந்த அலை முன்னாடி சொல்லிடுங்க."

மாமியார் என் கையைக் கிள்ளினாள். என் வீட்டுக்காரர் தண்டுக்கு அடியில் தலையைக் குனிந்துகொண்டார். மற்ற ஊர்ச் சாமிகளோடு வந்த கூட்டம் எங்களைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. பெரிய மாமனாருக்கு அதுதான் உறைத்தது. என் வார்த்தை உறைக்கவில்லை, நாலு பேர் பார்வைதான்.

"சரி சரி, நேரம் போவுது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை ஆட்டினார். "கொண்டாரச் சொல்லு. மேல படாம நொழைச்சிட்டுச் சீக்கிரம் போவச் சொல்லு."

பறைக்காரரின் முகத்தில் உயிர் வந்தது. "வாம்மா, வா, ஐயா சொல்ட்டாரு" என்று மகளைக் கூப்பிட்டார். எப்படியோ நடந்துவிட்டதே என்று எனக்கும் இருந்தது.

அவள் வந்தாள். அம்மன் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி இரண்டு கையிலும் ஏந்தினாள். பல்லக்குக்குக் கீழே விடக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்த உயரத்தில் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது எங்கள் ஆட்களின் கால்கள். கணுக்கால் வரைக்கும் அப்பி, அதன் மேல் மணல் ஒட்டி, ஈ மொய்த்துக்கொண்டு. மூக்கு ஒரு தரம் சுருங்கியது. நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் பார்த்தாள். பெரிய மாமனாரை, பூசாரியை, குடத்தோடு நின்ற என்னையும்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

"வேணாம் நைனா" என்றாள்.

"இன்னாம்மா? ஐயாவே சொல்ட்டாரும்மா. நொழைச்சி எடு" என்று அவர் கெஞ்சினார்.

"ஆத்தா மேல கொறை ஒண்ணுமில்ல நைனா. இந்தக் காலுங்க நடுவுல எம் புள்ளைய விட மாட்டேன். சீ."

முந்தானையை இழுத்துக் குழந்தையின் மூக்கை மூடினாள். மூடிக்கொண்டு, தன் தெருவைப் பார்த்துத் திரும்பி நடந்தாள்.